அம்மா சும்மா இருந்த கப்பல்

இருபது வருடமாக அம்மா, கால்சா என்ற இத்தாலிய நகர்ப்பகுதியில், நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் ஒரு வயதான சீமாட்டியின் வீட்டில் துப்புரவு வேலை செய்கிறார். போன வசந்தத்தில் அந்தச் சிஞ்ஞோரா, ஜப்பான் கரையோரமாகப் போகும் ஒரு சின்னக் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து, அம்மாவையும் அழைத்தார். வேலைக்கு அல்ல, தோழியாக வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"பன்னிரண்டு நாள் சும்மா இருப்பீங்களோ?" என்று அம்மாவிடம் சிரித்தேன்.

"ஏன், இருக்கமாட்டனோ?"

பந்தயம் கட்டினோம். அம்மா ஒரு துணி தோய்த்தாலும், ஒரு வருடத்துக்கு என் கலியாணப் பேச்சை எடுக்கக்கூடாது. சும்மா இருந்துவிட்டால், நான் ஒரு மாதம் சீலை கட்டி ஞாயிறு பூசைக்குப் போக வேண்டும்.

நான் லிஃப்ட் திருத்துகிறவள். எதற்கும் முதலில் பட்டியல் போடுவேன். கப்பலில் அம்மாவை வேலைக்கு இழுக்கக்கூடியவற்றுக்கும் போட்டேன்: யன்னலில் உப்புக் கறை, கட்டிலுக்கடியில் தூசி, கழுவாத கோப்பை. மதியம்தோறும் வீடியோ அழைப்பில் ஒன்றைச் சுட்டிக்காட்டி வம்புக்கிழுத்தேன். அம்மாவோ குயவர் கிராமத்தையும் தேநீர்ச் சடங்கையும் பற்றியே கதைத்தார்.

"அங்கை கோப்பை கழுவுறதையே எல்லாரும் இருந்து பாக்கினம், பிள்ளை. எனக்குக் கை துறுதுறுத்தது. மடியிலயே வச்சிருந்தன்."

பதினோராம் நாள், அம்மாவுக்குப் பின்னால் சிஞ்ஞோராவின் சட்டைகள் தலைகீழாகத் தொங்கின, விளிம்பில் கிளிப் போட்டு. அது அம்மா காயப்போடும் விதம்.

"பிடிபட்டீங்கள்!"

அம்மா கைபேசியைத் திருப்பினார். குளியலறை வாசலில் சிஞ்ஞோரா, முழங்கை வரை நுரையோடு, அடுத்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"நான் தொடேல்லை. கதிரையில இருந்து சொல்லிக் குடுத்தனான்," என்றார் அம்மா. "உன்ர நீலச் சீலையை எடுத்து அயர்ன் பண்ணி வை."