மரியாதைக்காகக் குறைந்த வலி

டாக்டர் பெஹ்ஜத்தைக் கெட்டிக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். பிடிவாதக்காரி. ஈரானின் ஷிராஸ் நகரில் எங்கள் பாரம்பரிய மருத்துவத் துறையில் நோயாளிகளைப் பார்ப்பது அவர் வேலை. அவர் கொண்டுவரும் எண்களைக் கூட்டிக் கழித்து அர்த்தம் சொல்வது என் வேலை.

அவருடைய மாமனார் ஹாஜி சஃபர் கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். புதினாவும் ஓமமும் போட்டு அவர் காய்ச்சும் சர்பத், வயிற்றுவலிக்குக் கைகண்ட மருந்து என்று பேர் வாங்கியது. ‘அறிவியல் நிரூபித்தது’ என்று புட்டிகளில் ஒட்டுவதற்குச் சீட்டுகளை அச்சடித்து வைத்துவிட்டு, அப்புறம்தான் மருமகளிடம் நிரூபணம் கேட்டார். சோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் பெஹ்ஜத். சோதித்தால் ஜெயம்தான் என்று ஹாஜி அதை எடுத்துக்கொண்டார். மாமனார் மருந்தை மருமகளே சோதிப்பது முறையா என்று நான் கேட்டேன். வேறு யார் சோதித்தாலும் அவர் நம்ப மாட்டார் என்று பதில் வந்தது.

நோயாளிகளில் பாதிப் பேருக்கு அசல் சர்பத். மீதிப் பேருக்கு அதே நிறத்தில், புதினா வாசனை மட்டும் ஏற்றிய வெறும் பாகு. யாருக்கு எது என்பது எனக்கு மட்டும் தெரியும். மாதம் முடிந்து வந்தவர்களிடம், வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று பெஹ்ஜத் கேட்டார்.

எல்லோருக்கும் சுகம். அசல் குடித்தவருக்கும் சுகம், பாகு குடித்தவருக்கும் சுகம். ஷம்ஸி அம்மாள் என்று ஒருவர், ஒரு கையில் வீட்டில் செய்த பலகாரப் பெட்டியும் மறு கையில் வயிறுமாக உள்ளே வந்து, எங்கள் ஊர் வழக்கப்படி நன்றி சொன்னார்.

“உங்க கை வலிக்காம இருக்கணும், டாக்டர். வலியா? பூஜ்யம்னு போட்டுக்குங்க.”

“முகம் சுருங்குதேம்மா.”

“அது கிடக்குது. நீங்க இவ்வளவு பாடுபடுறப்போ, நாலு அஞ்சுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?”

எங்கள் ஊரில் டாக்சிக்காரர்கூட முதலில் மரியாதைக்குக் காசு வேண்டாம் என்றுதான் சொல்வார். அதை நம்பி இறங்கிப் போகிறவன் மடையன். அதே மக்களிடம் ஓர் எண்ணைக் கேட்டு, அதை நம்பி நாங்கள் இறங்கிப் போகப் பார்த்தோம்.

பெஹ்ஜத் மறுபடி ஆள் சேர்த்தார். இந்த முறை முன்பின் தெரியாத ஒருவரை வைத்துத் தொலைபேசியில் கேட்கச் சொன்னார். நோயாளிகள் அழைத்தவருடைய உடம்பையும் அவர் தாயார் உடம்பையும் விசாரித்து, வெள்ளிக்கிழமை சாப்பிட வரச் சொல்லிவிட்டு, பூஜ்யம் என்றார்கள். இதற்கிடையில் சர்பத் உடம்புக்குச் சூடு என்று முடிவுகட்டிய பாதிப் பேர் அதோடு தயிர் சேர்த்துக்கொண்டார்கள். குளிர்ச்சி என்று முடிவுகட்டியவர்கள் கற்கண்டு; எங்கள் ஊர்க் கணக்கில் அது சூடு. சேர்க்காதீர்கள் என்று பெஹ்ஜத் கெஞ்சினால், உங்கள் சொல்லுக்கு மறுப்பு உண்டா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் என் மேசைமேல் காகிதங்களை எறிந்த வேகத்தில் தேநீர் கவிழ்ந்தது.

கதவுக்கு வெளியே உண்மை தாராளமாகக் கிடைத்தது. காத்திருக்கும் அறையில் ஷம்ஸி அம்மாள் பக்கத்து நாற்காலிக்காரியிடம், சர்பத் தனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததை பெஹ்ஜத் தன் காதால் கேட்டார். அடுத்த சுற்றில் நோயாளிகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, வலி எவ்வளவு, வயிற்று உப்புசம் எவ்வளவு என்று ஒருவரை ஒருவர் கேட்கச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறினார்.

பூஜ்யங்கள் போயின. வந்தவை எல்லாம் எட்டும் ஒன்பதும். பக்கத்தில் இருப்பவளுக்கு ஏழு என்றால் நமக்கு மட்டும் எப்படி ஆறு? வேதனையில் பின்தங்க ஒருவருக்கும் மனமில்லை. கேள்வி எப்போதும் ஒரு முகத்திலிருந்துதான் வருகிறது, பதிலும் அந்த முகத்துக்குத்தான் போகிறது என்று நான் ஏதோ தத்துவம் பேச ஆரம்பித்தேன். பெஹ்ஜத் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் இந்த மிகைக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. இரண்டு தரப்பும் ஒரே அளவுக்கு மிகைப்படுத்தின. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். வயிற்று உப்புசத்துக்கு அசல் சர்பத் கொஞ்சம் கேட்டது. வலியில் அதற்கும் பாகுக்கும் வித்தியாசமே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மாமனார் வீட்டில் சாப்பாடு. பேச்சு முற்றினால் கணக்குக்குச் சாட்சி வேண்டும் என்று பெஹ்ஜத் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கீரைக் குழம்பும் சோறும் முடிந்ததும் விஷயத்தைச் சொன்னார். வாயுவுக்கு என்றால் எழுதித் தருகிறேன், வலி என்ற சொல் சீட்டில் வரக் கூடாது என்றார்.

ஹாஜி கோபப்படவில்லை. சிரித்தார். “கணக்கு ஆயிரம் சொல்லும்மா. கல்யாணமான புதுசுல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தியே, ஞாபகமிருக்கா? ஒரே மடக்குல வலி போச்சுன்னு சொன்னது யாரு? டாக்டரே சொல்லிட்டாள்னு அதைத்தானே கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

பெஹ்ஜத் விரிப்பின் ஓரத்தை மடித்தார், பிரித்தார். மாதக்கணக்கில் மற்றவர்களிடம் எதற்காகப் பல்லைக் கடித்தாரோ, அது இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

“போகலை, ஹாஜி. ராத்திரி பூரா வலிச்சுது. புது மருமக, நீங்க உங்க கையால ஊத்திக் குடுத்தீங்க. மரியாதைக்குச் சொன்னேன்.”

கிழவர் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்த மனைவி தூரான் பக்கம் திரும்பினார். வாழ்நாள் முழுக்க அந்தச் சர்பத்தை அந்த அம்மாளைவிட அதிகம் குடித்தவர் யாருமில்லை.

“உனக்குமா?”

தூரான் அம்மாள் தட்டைக் கீழே வைத்து, முதல் கோப்பையைக் கணவர் பக்கம் நகர்த்தினார்.

“உங்க கை வலிக்காம இருக்கணும்,” என்றார். “ரொம்ப நல்ல மருந்துங்க.”

ஹாஜி கோப்பையைத் தொடவில்லை. வாயு என்று போடுவதானால் சீட்டைப் புதிதாக அச்சடிக்க வேண்டுமா, பழையதிலேயே அடித்து எழுதலாமா என்று மருமகளிடம் கேட்டார்.