ஒன்றை அணைத்தால் இரண்டும் அணையும்

இன்று பதுளையில் ஜவுளிக்கடை ஹமீது நானாவின் மகளுக்குக் கல்யாணம். சாப்பிடப் போன விஞ்ஞான மாஸ்டர் நான் இன்னும் வீடு திரும்பவில்லை.

வாடகைக்கு வந்த டைனமோவில் 220 V என்றிருந்தது. நானா கொழும்பில் வாங்கிய பல்புகளில் 110 V.

"எழுத்து ஒன்னுதானே மாஸ்டர்?" என்றார்.

"V-ன்னா வோல்ட்டு, நானா. பத்து முழமும் இருபது முழமும் உங்க கடையில ஒன்னா? இரட்டிப்பு வோல்ட்டுல போட்டா பல்பு கருகிடும்."

அவர் முகம் வாடிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஹாலிஎலயிலிருந்து புறப்பட்டாயிற்று.

நல்லவேளை, எல்லாம் ஒரே 40 W பல்புகள். இரண்டிரண்டாக ஒரே கம்பியில் தொடுத்தால் 220 சரிபாதியாகிவிடும். தொடுக்கச் சொன்னேன். எரிந்தன! நானா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆனால் ஜோடியில் ஒன்றை அணைத்தால் மற்றதும் அணையும். பெண்கள் அறை விளக்குக்கு ஜோடி, ஆண்கள் சாப்பிடும் பந்தல் விளக்கு.

"மாஸ்டர், உடுப்பு மாத்தணும், எங்க நிழல் வாசல் திரையில விழுது. அணைங்க!" என்கிறார் நானாவின் மனைவி.

"சோத்துல கைய வச்சிருக்கோம், அணைச்சிடாதீங்க!" என்கிறார் சம்பந்தி.

நான் எழுந்தால் நானா தோளை அழுத்தி உட்காரவைக்கிறார். "நீங்க போனா இவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

சுவிட்சின் பக்கத்தில் உட்கார்ந்தே இதை எழுதுகிறேன். வோல்ட்டைப் பிரித்துவிட்டேன். இந்தச் சம்பந்திகளைப் பிரிக்க வழி தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள், என் பங்குச் சோறு ஆறுகிறது.