பத்து வரைக்கும் எண்ணுங்கக்கா

சத்தியமாக நடந்தது இது. இதை எனக்குச் சொன்ன புரோகிராமர், சொல்லி முடிக்கும்வரை ஒரு தடவைகூட என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு நூலகத்தின் பழைய கம்ப்யூட்டருக்கு அவர் புத்தகப் பட்டியல் புரோகிராம் எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஆனால் வெளியேறும் பட்டனை அழுத்தினால் திரை அப்படியே உறைந்துவிடும்.

"இப்போதைக்கு ஒண்ணு பண்ணுங்கக்கா," என்றார் அங்கே நூலகராக இருந்த அம்மாவிடம். "பத்து வரைக்கும் எண்ணிட்டு, சுவத்துல இருக்கற ஸ்விட்சை அணைச்சிடுங்க. அடுத்த வாரம் வந்து சரி பண்றேன்."

"மறந்துடாதீங்க தம்பி."

அடுத்த வாரம் அவர் போகவில்லை. கைநிறைய வேறு வேலை. ஆறாவது வாரம் விடாத மழை, சுவர் ஊறிப்போயிருந்தது. ஸ்விட்சில் கை வைத்தபடியே, மின்சாரம் தாக்கி, அந்த நூலகர் அக்கா இறந்துபோனார். அதை ஏன் தொட்டார் என்று யாருக்கும் புரியவில்லை. புரோகிராமருக்கு மட்டும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. சாவுக்கும் போகவில்லை. அந்தத் தெருவையே தவிர்த்து, சுற்றிக்கொண்டு போனார்.

போன மாதம் இப்போதைய நூலகர் கூப்பிட்டார். புது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, பட்டியலை அதற்கு மாற்றித் தர வேண்டும். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பட்டப்பகல். மணி 3.10. அறையில் அவர் மட்டும். வெளியே வெயில் கொளுத்தியது. ஆனால் உள்ளே... ஈரச் சுவரின் வாசனை.

3.42. வேலை முடிந்தது. பழைய கம்ப்யூட்டரில் வெளியேறும் பட்டனை அழுத்தினார். திரை உறைந்தது.

முதுகுக்குப் பின்னால் மெல்லிய குரல்.

"ஒண்ணு... ரெண்டு..."

வெளியே யாரோ என்று நினைத்தார். கதவு சாத்தியிருந்தது.

"அஞ்சு... ஆறு..."

திரும்ப முடியவில்லை.

"ஒம்போது..."

"பத்து."

டக்!

திரை இருண்டது. சுவரில் ஸ்விட்ச் அணைந்திருந்தது. பக்கத்தில் யாருமில்லை.

நூலகரிடம் ஓடினார். "அந்த ஸ்விட்ச்... தானா..."

நூலகர் பதறவே இல்லை.

"ஆமா சார். நான் வந்து ஏழு வருஷமாச்சு. தினமும் சாயங்காலம் மூடும்போது அப்படித்தான், கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிடும். நீங்கதான் புரோகிராம்ல அப்படி எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன்... இல்லையா?"

புரோகிராமர் அந்த அறைக்கே திரும்பிப் போனார். உட்கார்ந்து, திரை உறையும் பிழையைத் தேடிப் பிடித்துத் திருத்தினார்.

பதினொரு நிமிடம் ஆனது.