சூட்டில் சரிகட்டிய துப்பாக்கி

ஸ்லாவ்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. போகிஞ்ச் மலைக்காட்டில் இருபத்தாறு வருஷமாக வேட்டைக் காவலாளி. மலையாடு சுட வருகிற விருந்தாளியின் துப்பாக்கி குறி தப்பாமல் சுடுகிறதா என்று முந்தின நாளே திடலில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதும் அவள்தான். வருகிற கனவான்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் குமட்டல் நிரந்தரமாகிவிட்டது.

அந்த வாரம் வந்தவர் போகொமிர், தலைநகர் லுப்லியானாவில் வீடு கட்டி விற்கிறவர். புதுத் துப்பாக்கி, இரண்டரைக் கிலோகூட இல்லை. எடை குறைக்கக் குழலை மெலிதாக்கியிருந்தார்கள். மூன்று தோட்டா போனால் கொதிக்கும், குண்டு இடம் மாறி விழும். ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திருக வேண்டும்.

"கொஞ்சம் ஆறட்டும் சார்."

"ஆறுறதுக்கு இது என்ன கஞ்சியாம்மா?"

சுட்டார், திருகினார், சுட்டார். பன்னிரண்டாவது குண்டு நடுப்புள்ளியில் விழுந்தது.

"பாத்தியா? போடு கையெழுத்த!"

"இது சூட்டுல வந்த குறி சார். மலையில முதல் குண்டு ஆறின குழல்லதான் போகும். இங்கயே நாலு விரல் தள்ளும், அங்க தூரம் அதிகம், அதுக்கு ரெண்டு மடங்கு. காலையில ஒரே ஒரு தடவ சுட்டுப் பாத்துட்டு ஏறலாம்."

"அதுவரைக்கும் ஆடு எனக்காக நிக்குமா? உங்க வேட்டைச் சங்கத் தலைவர்கிட்ட பேசட்டுமா?"

தலைவர் யார் பக்கம் பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். கையெழுத்தைப் போட்டுத் தொலைத்தாள்.

மறுநாள் குண்டு ஆட்டின் வயிற்றில் பாய்ந்தது. போகொமிர் பாறையில் உட்கார்ந்து தொத்திறைச்சி தின்றார். அவள் நாயோடு ஐந்து மணி நேரம் ரத்தத் தடம் பார்த்து நடந்தாள். புதருக்குள் குடல் சரிந்து கிடந்தது ஆடு, கண் மட்டும் விழித்திருந்தது. தன் துப்பாக்கியால் அதை முடித்து வைத்தபோது அவளுக்கு அவர்மேல் வந்த அருவருப்பைவிடத் தன் கைமேல் வந்ததுதான் அதிகம்.

அந்த வெடிச் சத்தம் கேட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்த போகொமிர் கேட்டார். "கொம்பு நல்லாத்தானே இருக்கு?"

ஊசியிலைக் கொப்பை இரண்டாக ஒடித்து, கடைசிக் கவளமாக ஒன்றை ஆட்டின் வாயில் வைத்து, இன்னொன்றைச் சுட்டவர் தொப்பியில் செருகி வாழ்த்துவது அங்கே வழக்கம். போகொமிர் தொப்பியைக் கழற்றி நீட்டினார்.

ஸ்லாவ்கா மண்டியிட்டு இரண்டு துண்டையும் ஆட்டின் வாயிலேயே வைத்தாள்.

"எனக்கு?"

"சுட்டது நீங்க, கையெழுத்து என்னுது. நம்ம ரெண்டு பேர் தொப்பிக்கும் அந்த யோக்கியத இல்ல சார்."