நுரை வரும் இடத்தில் ஒழுக்கு

காஸ் ஒழுக்குப் பிடிக்கிற தொழிலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: பீப்பாவைத் தூக்கிக்கொண்டு வருகிற எவரும் "என்னுடைய பீப்பா ஒழுகுகிறது" என்று சொல்லமாட்டார், "நீங்கள் விற்ற பீப்பா ஒழுகுகிறது" என்றுதான் சொல்லுவார். கடை மேசைக்குப் பின்னால் நின்று, சிரித்த முகத்தோடு பேச்சு வாங்குகிற சகோதரங்களே, நீங்கள் விற்பது காலில் போடுகிற சப்பாத்தானாலும் சைக்கிளானாலும் இது உங்களுக்கு விளங்கும்.

குடிக்காதவளுக்குக் கிடைத்த வேலை

இந்தக் குளிர்நாட்டில், பிராண்டே என்கிற ஊரில், நான் கனகாலம் வேலை செய்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்துவிட்டது. என் கணவர் கர்த்தரிடம் போனபிறகு வீட்டில் நான் தனி. "வீட்டை வித்துப்போட்டு எங்களோட வந்திருங்கோ அம்மா" என்று தலைநகர்ப் பக்கம் புரொண்பியில் இருக்கிற மகன் ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவான். அன்போடுதான் சொல்லுகிறான். ஆனால் எனக்கு என்னுடைய வீடு வேணும், என்னுடைய கார் வேணும், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் வேணும். வேலை இல்லாமல் இவற்றில் ஒன்றும் நிற்காது. முழங்காலில் நின்று வேலை கேட்டேன். கொமூன், அதுதான் நகரசபை, என்னைப் பரீட்சார்த்தமாக ஒரு கடைக்கு அனுப்பியது. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை.

தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். இந்த ஆட்கள் காய்ச்சிய பியரைப் போத்தலில் அடைப்பதில்லை. உருக்குப் பீப்பாவில் ஊற்றி மூடி, சிலிண்டரில் இருந்து ரியூப் வழியாக அதற்குள் காஸ் ஏற்றுவார்கள். எங்கேயாவது ஓர் இடத்தில் ஒழுகினால் விடியமுதல் சிலிண்டர் காலி, பியர் சப்பென்று போய்விடும். உடனே பீப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். கடைக்காரர் ஏரிக் அதிகம் கதைக்காத மனிதர். "ஈஸ்ரர் வரைக்கும் பாப்பம். திருப்பிக் கொண்டுவாறது குறையாட்டி நான் பீப்பா விக்கிறதையே விட்டிடுவன், உங்களையும் வைச்சிருக்க ஏலாது" என்றார். நானும் ஒளிக்காமல் சொன்னேன், வாழ்க்கையில் ஒரு சொட்டும் குடித்ததில்லை என்று. அன்றைக்குத்தான் அவர் முதன்முதல் சிரித்தார்.

"அது நல்லதாப் போச்சு கிறேஸ். உங்களுக்கு முதல் இஞ்ச நிண்டவன் ஒழுக்கைத் தேடுறன் தேடுறன் எண்டு பீப்பாவையே குடிச்சு முடிச்சுப்போட்டான்."

சபையில்

ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "அக்கா, பியர்க் கடையில நிண்டு என்ன சாட்சி குடுக்கிறியள்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த நாள் ஸ்கீவவில் இருக்கிற எங்கள் போதகருக்குப் போன் எடுத்து, "பாஸ்ரர், நான் இந்த வேலையை விடோணுமோ?" என்று கேட்டேன். அவர் "ம்..." என்று இழுத்தார். எனக்காக ஜெபிக்கிறார் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

"விடாதேங்கோ அக்கா, எங்கட வாலிபர் கூட்டத்துச் சோடா மெசினும் ஒரு மாசமா உஸ்ஸெண்டு ஒழுகுது, ஒருக்கா வந்து பாப்பீங்களோ?"

எறிந்த வளையம்

எங்கள் ஆயுதம் ஒரு ஸ்பிறே போத்தல். அதற்குள் கோப்பை கழுவுகிற சவர்க்காரத் தண்ணி. ஒன்றோடொன்று பூட்டுகிற இடமெல்லாம் அடித்துவிட்டுப் பொறுமையாகப் பார்த்தால், ஒழுகுகிற இடத்தில் நுரை பொங்கி வரும். அவ்வளவுதான் வித்தை. பொறுமைதான் வராது.

பக்கத்துக் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு பெரிய ஆள், கோபத்தில் காது சிவக்க வந்தார். புது சிலிண்டர் ஒரே இரவில் காலியாம். எல்லாவற்றையும் மேசையில் வைத்துப் பூட்டி, சவர்க்காரத் தண்ணி அடித்துப் பார்த்தேன். சிலிண்டரும் ரெகுலேற்றரும் சேருகிற கழுத்தில் ஆட்டுக்குட்டிபோல வெள்ளை நுரை. கழற்றினால் உள்ளே ஒழுக்கை அடைக்கிற வாசர் இல்லை. "இதுக்குள்ள ஒரு சின்ன வளையம் இருந்திருக்குமே?" என்று மெல்லக் கேட்டேன். பெட்டியோடு வந்த குப்பை என்று எறிந்துவிட்டாராம். புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தேன், நுரை நின்றுவிட்டது. அந்தப் பெரிய ஆள் கதவுவரை போய்த் திரும்பி வந்து, குனிந்து என் காதுக்குள் சொன்னார்.

"காத்தோடதான் எனக்குச் சீவியம், இதைத் தயவுசெய்து என்ர வேலையிடத்தில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

தானாக ஏறிய முள்

கார்த்திக் என்று ஒரு தம்பி, தமிழ்நாட்டுப் பிள்ளை, எஞ்சினியர். மனைவியையும் கூட்டிக்கொண்டு சிலிண்டரைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தார். "ஆன்ட்டி, நேத்து ஃபிரிட்ஜுக்குள்ள வச்சேன். காலைல பாத்தா பிரஷர் மீட்டர் முள்ளு பாதிக்கு வந்துடுச்சு. எங்கயோ லீக் ஆவுது" என்றார். நான் ஒவ்வொரு பூட்டுக்கும் சவர்க்காரத் தண்ணி அடித்தேன். நுரை இல்லை. துடைத்துவிட்டு இன்னொருமுறை அடித்தேன். இல்லை. இரண்டுபேரும் மாறி மாறி முகத்தைப் பார்த்தோம். இதையும் திருப்பி எடுக்கவேண்டி வந்தால் ஏரிக்குக்கு என்ன சொல்லுவது என்று யோசித்தேன்.

அப்போது பார்த்தால், முள் தன்பாட்டில் மேலே ஏறிக்கொண்டிருந்தது! நான் "ஸ்தோத்திரம்" என்றுவிட்டேன். கார்த்திக் தன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். குளிரில் காஸின் அழுத்தம் இறங்குமாம், சூட்டுக்கு வந்தால் ஏறுமாம், கடைக்குள் வந்து சூடாகினபடியால் ஏறுகிறதாம். அவர் வடிவாக விளங்கப்படுத்தினதால் அன்றைக்கு நானும் ஒன்று படித்தேன். அதன்பிறகு முள் இறங்கிவிட்டது என்று வருகிறவர்களை, முதலில் சிலிண்டரை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுகிறேன். கார்த்திக்கின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"நைட்டு ஃபுல்லா டார்ச் அடிச்சு முள்ளையே பாத்துட்டிருந்தாரு ஆன்ட்டி, என் முகத்த ஒரு நாளாவது அப்படிப் பாத்திருப்பாரா கேளுங்க."

தேங்காய் எண்ணெய்

பீப்பா மூடியின் ரப்பர் வளையத்துக்கு ஒரு பசை பூசவேணும். அப்போதுதான் மூடி இறுகப் படியும். ஈஸ்ரர் நெருங்க அந்தப் பசை முடிந்துபோனது. அந்த நேரம் பார்த்து கிர்ஸ்ரன் வந்தார். ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டிலில் கூடிப் பியர் காய்ச்சுகிற கழகத்தின் தலைவி, எங்கள் கடையின் மிகப் பெரிய வாடிக்கையாளர். ஈஸ்ரருக்கு முந்தின பெரிய வியாழனன்று கழகத்தின் விருந்து. அவருடைய பீப்பா மூடியில் இலேசான ஒழுக்கு.

குளிர்காலத்தில் கை வெடிக்கும் என்று என் கைப்பையில் எப்பவும் தேங்காய் எண்ணெய் இருக்கும். நாங்கள் கதவுப் பிணைச்சலுக்கும் அதைத்தானே போடுகிறோம்! கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் தேய்த்து உருக்கி வளையத்தில் தடவினேன். நுரை நின்றது. கிர்ஸ்ரனுக்குச் சந்தோசம், எனக்கு அதைவிடச் சந்தோசம். கொட்டிலுக்குள் எவ்வளவு குளிர் என்று நான் யோசிக்கவில்லை. அங்கே எண்ணெய் மெழுகுபோல உறைந்து, கட்டி கட்டியாகி, மூடியைப் படியவிடவில்லை. புதன்கிழமை மத்தியானம் கடைப் போன் அடித்தது.

"கிறேஸ், நாளைக்கு எழுபதுபேர் வருகினம், பீப்பாக்குள்ள இருக்கிறது இப்ப பியர் இல்லை, பார்லிக் கஞ்சி."

எல்லாரும் மூச்சை அடக்கினார்கள்

நடந்ததை ஏரிக்கிடம் அப்படியே சொன்னேன். அவர் மேல் தட்டில் கிடந்த தன் சொந்தப் பசைக் குழாயை எடுத்து என் கையில் தந்தார். ஈஸ்ரருக்கு இன்னும் நாலு நாள். புரொண்பியில் மகன் வீட்டு அறையில் என் கட்டிலை எந்தச் சுவரோடு போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே கொட்டிலுக்குக் காரை ஓட்டினேன்.

கொட்டிலில் ஆறேழு ஆம்பிளைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மூடியைக் கழற்றி, சுடுதண்ணியில் கழுவி, உறைந்த எண்ணெயைத் துடைத்து, சரியான பசை பூசி, காஸ் ஏற்றினேன். மூடியில் நுரை இல்லை. ஆனாலும் முள் இறங்கியது. திரும்ப அடித்தேன், நுரை எங்கும் இல்லை, முள் இன்னும் இறங்கியது. எனக்குத் தெரிந்த வித்தை முடிந்துபோனது. பீப்பாவில் கையை வைத்துக் கண்ணை மூடி, "ஆண்டவரே, எனக்குத் தெரியேல்லை, நீர் காட்டும்" என்று மனதுக்குள் சொன்னேன். நான் ஒழுக்கைக் காதால் தேடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள் போல. ஒருவர் வானொலியை நிறுத்தினார். மற்றவர்கள் மூச்சை அடக்கினார்கள். அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது: சுவருக்குப் பின்னால், ரியூப் போகிற, நான் பார்க்காத பக்கத்தில், மெல்லிய ஒரு உஸ். ரியூப்பைக் கவ்வுகிற வளையம் தளர்ந்துபோய்க் கிடந்தது. ஒரு திருப்பு, முள் நின்றுவிட்டது. பிறகு காஸை ஏற்றிப்போட்டு, ஆம்பிளைகள் மாறி மாறிப் பீப்பாவைத் தரையில் உருட்டினார்கள். அப்படி உருட்டினால் காஸ் பியருக்குள் கெதியாக இறங்கும். பின்னேரம் கிர்ஸ்ரன் ஒரு கிளாசில் வார்த்து, நுரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கொட்டிலில நாங்கள் ஒருத்தரும் ஒரு நிமிசம் வாயை மூடிக்கொண்டு இருந்ததேயில்லை, அதுதான் எங்களுக்குக் கேக்கேல்லை."

சனிக்கிழமை

ஈஸ்ரருக்கு முதல்நாள் கடை அரைநாள்தான். நான் என் கோப்பையையும் செருப்பையும் ஒரு பையில் போட்டு வைத்திருந்தேன், போகச் சொன்னால் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது என்று. கடை பூட்டுகிற நேரம் ஏரிக் வந்து பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிர்ஸ்ரன் கழகத்துக்கு இன்னும் நாலு பீப்பா கேட்டிருக்கிறாராம். கொட்டிலுக்கு வந்து பூட்டித் தருவது நானாக இருக்கவேணுமாம். சொல்லிவிட்டுக் காற்சட்டைப் பையில் கைவிட்டு, கடைக் கதவுத் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை நீங்கள்தான் கடையைத் திறக்கோணும், எனக்கு வயசாகுது, நான் இனிமேல் பத்து மணிக்குத்தான் வருவன்."

எல்லாருக்காகவும் எல்லாவற்றுக்காகவும் ஜெபிக்கிறவள் நான், ஆனால் உலகத்து ரப்பர் வளையங்கள் எல்லாம் ஒழுகாமல் இருக்கவேணும் என்று மட்டும் இன்றைக்குவரைக்கும் ஜெபித்ததில்லை.