ஊசியில் சுற்றிய இழை

என் டர்ன்டேபிளுக்குக் கை போய்விட்டது என்று சொன்னவன் என் சிநேகிதன். கை என்றால், முனையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு இசைத்தட்டின் மேல் நகர்கிறதே, அந்த நீளக் கம்பி. அவன் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது. கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் லேப் பார்க்கிறவன், மிஷின் விவகாரமெல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. சொந்தமில்லாவிட்டாலும் மாப்ள, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி இராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்துவிடுவான். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் தட்டு போட்டுக் கேட்போம்.

நான் பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் ஊரில் காஸ் துணிக்குப் பஞ்சமா? புண்ணில் வைக்கிற துணியைவிடச் சுத்தமான துணி வேறு ஏது என்று, அங்கே சேர்ந்ததிலிருந்து தட்டுகளை அதால்தான் துடைத்தேன். கழிவுத் துண்டு ஒன்று சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும். போடுவதற்கு முன்னால் ஒரு துடை, எடுத்து வைக்கும்போது ஒரு துடை. அவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

போகப் போகப் பாட்டு கரகரத்தது. பாடகி உச்சத்துக்குப் போனால் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. அவன் மிஷின் கையைத் தூக்கினான், மெல்ல அசைத்துப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"கை ஆடுது மாப்ள. பேரிங் தேஞ்சு போச்சு. இனி இத வச்சுக் கேட்டா தட்டு பூராம் கீறிப் போகும்."

கல்யாணத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கின ஜப்பான் மிஷின். மனசே ஆறவில்லை. அப்புறம் புதுசு தேட ஆரம்பித்தோம். பெல்ட்டில் சுற்றுவதா, மோட்டார் நேராகச் சுற்றுவதா? கை நேராக இருக்கணுமா, வளைந்திருக்கணுமா? எனக்கு வளைந்த கை மேல் ஒரு கண். கனம் குறைந்த நேர்க்கைதான் தட்டை நோகடிக்காது என்றான் அவன். சரி என்றேன். "அவிய காத வச்சுத்தான் நீங்க கேக்கணுமா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். அவளைச் சத்தம் போட்டேன்.

புதுசு வந்தது. அவனே வந்து கையைப் பொருத்தி, ஊசியின் எடையைச் சரிபார்த்துக் கொடுத்தான். பழசை மதுரையில் ஒரு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறேன் என்றான். நானே அதற்குக் காஸ் துணி சுற்றி, பச்சைப்பிள்ளையைக் கொடுக்கிற மாதிரி அவன் மடியில் வைத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

வந்த புதிதில் கணீரென்று கேட்டது. பிறகு பழைய கதைதான், அதே கரகரப்பு. அவனுக்கு போன் போட்டால் வேலை, வேலை என்றான். ஞாயிற்றுக்கிழமை வருவதும் நின்றுபோனது. கை புதுசு, மிஷின் புதுசு, அப்போது கெட்டுப்போனது என் காதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். காது டாக்டரிடமும் போனேன். ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. எனக்கு இருக்கிற ஒரே ஆசை இது, அதுவும் போச்சே என்று கிடந்தேன்.

ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனவன், வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்படியே அவன் வீட்டுக்கு நடந்தேன். வாசலிலேயே பாட்டு கேட்டது. என்ன சுத்தம்! நம் காது நன்றாகத்தானே இருக்கிறது என்று சந்தோஷமாக உள்ளே போனேன். ஓடிக்கொண்டிருந்தது என் மிஷின். அதன் மரப்பலகையில் என் வீட்டுக்காரி சுடு டம்ளர் வைத்த வெள்ளை வளையம்கூட அப்படியே இருந்தது.

அவன் முகம் செத்துப்போனது. மதுரைக்காரன் வேண்டாம் என்றுவிட்டானாம், பேரிங்கை மாற்றி இவனே வைத்துக்கொண்டானாம். கேனப்பயல் நான், அதையும் நம்பினேன். பாட்டு முடிந்தது. பழக்கதோஷம், தட்டைத் துடைக்கப் பையிலிருந்து காஸ் துணியை எடுத்தேன். பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தான்.

"ஏலே, அத வச்சுத் தொடைக்காத. இழை பூராம் ஊசியில சுத்திக்கிடும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. பிடித்த கையை விட்டுவிட்டான். எத்தனை ஞாயிறு என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, நான் துடைக்கிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்!

"அப்ப பேரிங் தேயல?" என்றேன்.

"எனக்கு இதும் மேல ரொம்ப நாளா ஒரு ஆசை மாப்ள. கேட்டா நீ தரமாட்ட."

"நீ கேக்கவே இல்லையே மச்சான்."

அவன் வீட்டுக்காரி காபி கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஊசியைக் குனிந்து பார்த்தேன். வெள்ளையாகச் சின்னப் பஞ்சு உருண்டை ஒட்டிக்கிடந்தது. பிரஷால் தட்டிவிட்டேன், அவ்வளவுதான் வேலை. தட்டைப் போட்டதும் பாடகி கணீரென்று உச்சத்துக்குப் போனாள். பாவி, கையை மட்டும் நல்ல கையாகத்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறான். இப்போதெல்லாம் பாட்டு அத்தனை சுத்தமாகக் கேட்கிறது. அது சுத்தமாகக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது.