அறுபத்தாறாம் வீதிக்குப் போய்வந்த முதலாளி

சுவிட்சர்லாந்தின் துன் நகரில் நான் வேலை செய்த உணவகத்துக்குள் நுழைந்தால் அமெரிக்கா வந்துவிடும். வாசலில் ஒரு பழைய பெற்றோல் பம்ப். சுவரில் ‘66’ என்று எழுதிய வீதிப் பலகை. ஜன்னலுக்கு வெளியே மட்டும் ஏரியும் பனிமலையும் நின்று விஷயத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தன. முதலாளி அந்தப் பக்கத்துத் திரைச்சீலையைப் பெரும்பாலும் இழுத்தே வைத்திருப்பார்.

அவர் விவசாயி ஒருவரின் மகன். சிகாகோவில் தொடங்கிக் கலிபோர்னியாக் கடற்கரையில் முடியும் அந்தப் பழைய அறுபத்தாறாம் நெடுஞ்சாலைமீது அவருக்கு ஒரு பக்தி. போய்ப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வீதியின் ரசிகர்கள் அமெரிக்காவில் நடத்திய செய்தித்தாள் ஒன்று அவருக்கு மாதாமாதம் தபாலில் வரும். மத்தியானச் சமையல் முடிந்து நாங்கள் கையைக் காலை நீட்டியிருக்கும் நேரம் பார்த்து, அதைச் சமையலறைக்கே கொண்டுவந்து ஜெர்மனில் சொல்லிக்காட்டுவார். கேட்பவர்கள் நானும், பாத்திரம் கழுவிய மட்டக்களப்பு அண்ணரும்தான். அண்ணருக்கு ஜெர்மன் மட்டுமட்டு. நான் அதைத் தமிழில் சொல்வேன்.

“என்னவாம்?”

“ஒரு பழைய பாலத்தை இடிக்கப்போறாங்களாம், அண்ணை.”

“ஆரு, ஆமியா?”

“இல்லை, நகரசபை.”

“மறுகா சனம் எப்பிடிப் போறதாம்?”

“பக்கத்திலை புதுசாப் பெரிய ரோட்டு இருக்காம்.”

“அப்ப இவர் ஏன் அழுறார்?”

அந்தக் கேள்வியை நான் முதலாளிக்கு மொழிபெயர்க்கவில்லை.

எங்களுக்கும் வீதிச் செய்தி தேவைப்பட்ட காலம்தான் அது. ஊருக்கு டெலிபோன் எடுத்தவன் யாரைக் கண்டாலும், “பாதை திறந்திட்டாங்களோ?” என்பதே முதல் கேள்வி. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ ஒன்பது வீதி சண்டையில் அடைபட்டுக் கிடந்தது. வரைபடத்தில் இருந்தது, போகத்தான் முடியாது. முதலாளியின் வீதி நேர்மாறு. அரசாங்கம் அதைத் தன் கணக்கிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டதாம். சட்டப்படி அப்படியொரு வீதியே கிடையாது. ஆனால் பாஸ்போர்ட் உள்ள எவரும் போய் ஓடிவிட்டு வரலாம்.

கடைசியில் ஒரு வசந்தகாலத்தில் அவர் கிளம்பினார். உணவகத்தை மனைவியிடம் விட்டார். தோல் ஜாக்கெட் ஒன்று வாங்கினார். அங்கே மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுப்பதாகத் திட்டம்.

“நீயும் வாவன்,” என்றார் என்னிடம், உண்மையான அன்போடு.

என் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. கையில் இருந்த தற்காலிக அட்டையோடு ஜெர்மன் எல்லையைக்கூடத் தாண்ட ஏலாது என்று சொன்னேன்.

“அமெரிக்கா அப்பிடி இல்லை. அங்கை எல்லாம் லேசு,” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

திரும்பி வந்தபோது மூக்கு வெயிலில் உரிந்திருந்தது; பேச்சு குறைந்திருந்தது. சில நாள் கழித்துச் சமையலறைக்கு வந்து, கவிழ்த்து வைத்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்தார்.

“முதல் மோட்டலிலை ஒரு இந்தியாக்காரர் இருந்தார். ரெண்டாவதிலையும் அப்பிடித்தான். ஒக்லஹோமாவிலை சேலை கட்டின மனிசி. உள்ளுக்குப் போனா, உங்கட தாளிக்கிற மணம்!”

நாங்கள் குறுக்குவழியால் போய் அவருக்கு முன்னே இறங்கிவிட்டோம் என்பதுபோல எங்களைப் பார்த்தார்.

அந்த ஒக்லஹோமா மோட்டலில் அவருக்கு வயிறு குழம்பியிருக்கிறது. வழியில் தின்ற ஏதோ ஒரு பேர்கரின் வேலை. சேலை கட்டிய அந்த அம்மா சோறும் பருப்பும் குழைய வேகவைத்துக் கொடுத்திருக்கிறார். அவர்கள் குஜராத்திக் குடும்பம்; உகண்டாவிலிருந்து துரத்தப்பட்டு அமெரிக்கா போனவர்கள்.

“சாப்பிட்டு நிமிர்ந்து பாக்கிறன், மேசைக்குப் பின்னாலை சுவர் முழுக்க ஒரு படம். என்ன படம் தெரியுமோ?”

“சாமிப் படமோ, முதலாளி?” என்றேன்.

“எங்கட யுங்ஃப்ராவ் மலை!” கத்தியேவிட்டார். “முன்னுக்குப் புல்வெளி. ரெண்டு மாடு.”

அந்த அம்மா பார்த்த ஹிந்திப் படங்களில் காதலர்கள் பாடுவதற்கென்றே அந்த மலையடிக்கு வந்துபோனார்கள். வந்தவர் அந்த மலையைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர் என்று தெரிந்ததும் அவர் புருஷனைக் கூப்பிட்டார். பக்கத்து மோட்டல்காரரையும் கூப்பிட்டார். முதலாளி கேட்கப் போனது வாசலில் இருந்த பழைய நியோன் பலகையின் கதையை. மாலை முழுக்க அவர் சொல்ல வேண்டியிருந்தது சுவிஸ் மாடுகளின் கதையை.

அடுத்த கோடையில் அந்த மோட்டல் தம்பதி துனுக்கே வந்து இறங்கினார்கள். முதலாளி ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்தார். சைவக்காரர்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கு அந்த அமெரிக்க உணவகத்தில் பொரித்த உருளைக்கிழங்கைத் தவிர ஒன்றும் இல்லை. அண்ணரும் நானும் எங்களுக்காக வைத்திருந்த பருப்பையும் கத்தரிக்காய்க் குழம்பையும் எடுத்துவைத்தோம். புருஷன் சுவரில் இருந்த வீதிப் பலகையைப் பார்த்துச் சிரித்தார். தங்கள் நியோன் பலகையைப் போன மாதம்தான் கழற்றி எறிந்ததாகவும், மின்சாரச் செலவு மிச்சம் என்றும் சொன்னார். முதலாளி பியர் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

மறுநாள் அந்த மலை நன்றாகத் தெரியும் ஒரு மேட்டுக்கு அவர்களைக் காரில் கூட்டிப்போனார். மொழிபெயர்க்க நானும் போனேன். முதலாளிக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். அவர்கள் வேகமாகப் பேசிய ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது. மேலே போய் இறங்கினால் ஒரே பனிப்புகார். மலை இல்லை, மாடு இல்லை. எங்கள் கார்கூட நாலடி தள்ளி மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த அம்மா சேலைக்கு மேல் முதலாளியின் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெள்ளைக்குள் நின்றார். புருஷன் படம் எடுத்தார். மலை வராததற்குத் தானே பொறுப்பு என்பதுபோல முதலாளி மன்னிப்புக் கேட்டபடி இருந்தார்.

“பரவாயில்லை,” என்றார் அந்த அம்மா. “அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.”

இறங்கி வரும்போது அந்த அம்மா தூங்கிவிட்டார். புருஷன் முன்பக்கம் குனிந்து, உணவகத்தை விற்கிற எண்ணம் ஏதும் உண்டா என்று விசாரித்தார். நான் அதை ஜெர்மனில் சொன்னேன்.

“ஒக்லஹோமா மோட்டலோடை மாத்துறன் எண்டு சொல்லு,” என்றார் முதலாளி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்னேன். பகிடி என்று நினைத்து நான் மட்டும்தான் சிரித்தேன். துன் வரும்வரை இரண்டுபேரும் ஆழ்ந்து யோசித்தபடியே இருந்தார்கள்.